இரண்டு முறை வந்த பாட்டு

கார்த்திகை 9, செவ்வாய்.

ஆலங்காயத்தில் பஸ்ஸைத் தவறவிட்டதால் பழைய சிநேகிதன் கோவிந்தன் ஓட்டும் ஷேர் ஜீப்பில் ஏற வேண்டியதாயிற்று. என் அம்மாவின் சாவுக்கு வராதவன். ஆறு வருடமாகப் பேச்சில்லை. வண்டியில், பேச்சிருந்த காலத்தில் நான் அவனுக்குப் பதிந்து கொடுத்த பாட்டு சிடி ஓடியது. அட்டையில் நான் வரைந்த அவன் மீசை வெயிலில் வெளுத்திருந்தது.

முன்சீட்டுக்காரரிடம் சொன்னான்: "இந்தப் பாட்டு மறுபடியும் வரும் பாருங்கண்ணே. எனக்குப் புடிக்கும்னு ரெண்டு தபா போட்டான், பின்னாடி மூஞ்சத் தூக்கி வச்சிகினு குந்தியிருக்கானே, அவன்தான். இப்ப கீறல் வுழுந்து திக்குது. வேற கேட்டா குடுப்பானா, ரோசக்காரன்."

அன்று கவனப்பிசகாக இரண்டு முறை பதிந்துவிட்டேன். அதை நான் சொல்லவில்லை. அவனை மன்னிக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் புது சிடி பதிந்தேன். அட்டையில் இப்போதைய வழுக்கையோடு அவனை வரைந்தேன், அவனுக்கு நன்றாக வேண்டும். அந்தப் பாட்டை மட்டும் வேண்டுமென்றே இரண்டு முறை போட்டேன்.