காரின் அடியில் பித்தளைக் குழாய்

சங்கரன்கோவில்
19-8-84

அன்புள்ள மாணிக்கராஜுக்கு உன் சித்தி எழுதிக்கொள்வது. கர்த்தர் அந்தப் பாலைவன வெயிலிலும் உன்னை வாடாமல் வைத்திருப்பாராக. இங்கே அப்பாவும் நானும் சுகம், அப்பாவுக்கு முதுகுவலி மட்டும் வந்து போகிறது, அது ஏன் என்பது கீழே வரும். அப்பா எழுதும் கடிதத்தின் கடைசியில் இரண்டு வரி மட்டும் எழுதுகிறவள் தனியாக எழுதியிருக்கிறாளே என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம் டிரைவர் இசக்கிப்பாண்டியை அப்பா வேலையை விட்டு நிறுத்திய அன்று, பக்கத்திலேயே நின்றும் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. கார் எஞ்சின் எண்ணெயை அவன் எடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அப்போது எனக்குப் பாதிதான் தெரியும், பாதி தெரிந்ததை வைத்துக்கொண்டு டிரைவர் முன்னால் உன் அப்பாவை மறித்துப் பேச வாய் வரவில்லை. ஆனால் அவர் மறுநாளே உனக்கு, இசக்கி திருடன், உன் ஒர்க்‌ஷாப்பில் அவனுக்கு விசா கேட்காதே என்று எழுதிப் போட்டுவிட்டார். அதை நம்பி நீ உன் முதலாளியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவதற்குள் இது வந்து சேரவேண்டும்.

உன்னோடு வேலை செய்யும் மம்மது லீவில் வந்தபோது நீ கொடுத்தனுப்பிய பித்தளைக் குழாயை, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் வடிக்கும் போல்ட் இருந்த இடத்தில் இசக்கிதான் மாட்டினான். முன்பெல்லாம் எண்ணெய் மாற்றும் நாள் எப்படியிருக்கும் என்று உனக்கே தெரியும். எஞ்சினுக்கு அடியில் போல்ட்டைக் கழற்றும்போது அது கை நழுவிச் சூடான எண்ணெய்க்குள் விழும், அப்பா முழங்கை வரை கறுப்பாகி எழுந்து வருவார், முற்றத்தில் அந்த இடத்தில் நான் மண்ணள்ளிப் போட்டு மூடவேண்டும். இந்தத் தடவை குழாயின் மூக்கில் ரப்பர் டியூபைச் செருகி, பிடியை அமுக்கித் திருப்பினான், அவ்வளவுதான், பழைய எண்ணெய் முழுவதும் தகர டின்னுக்குள் இறங்கிவிட்டது. இசக்கி வெள்ளைச் சட்டையோடு எழுந்து நின்று, பாருங்க அக்கா என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். எனக்கு அன்று உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. அப்பாவுக்குத்தான் முகம் தெளியவில்லை. டாக்சி ஸ்டாண்டில் வேறு, நம்ம தெருக் குழாயில தண்ணி வந்து மாசக்கணக்காச்சு, உம்ம கார்லயாவது வருதா வே என்று கேலி செய்திருக்கிறார்கள். போல்ட்டைத் திறக்கவாவது ஸ்பேனர் வேண்டும், இதை எவன் வேணாலும் விரலால திறந்துக்கிடுவாம்லா என்று வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர் சொன்னபடியே எண்ணெய் குறைய ஆரம்பித்தது. காலையில் அளவு பார்க்கிற கம்பியை உருவினால் கோடு முந்தின நாளைவிடக் கீழே இருக்கும். நான் முதலில் உன் குழாயைத்தான் சந்தேகப்பட்டேன். காருக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தேன், விடிந்தபோது ஒரு பொட்டுக்கூட இல்லை. பிறகு, மறைக்காமல் சொல்லுகிறேன், இசக்கியையும் சந்தேகப்பட்டேன். அவன் சைக்கிளில் கட்டியிருந்த பாட்டிலை அவன் பார்க்காதபோது முகர்ந்து பார்த்தேன், மண்ணெண்ணெய். வாசல் கட்டையின் அடி எண்ணெய் ஊறிக் கறுத்திருந்ததும் கண்ணில் பட்டது, ஆடித்தபசுத் திருவிழாச் சவாரிக்குப் போய்வந்த கையைத் துடைத்திருப்பான் என்று விட்டுவிட்டேன். அதற்குள் அப்பா சபைக் கூட்டத்துக்குப் பாளையங்கோட்டை போனார். அவர் இல்லாத நாட்களில் சவாரி இல்லை, இசக்கி தினமும் வந்து காரைத் தனியாகத் துடைத்துவிட்டுப் போனான், எடுக்க நினைத்தால் அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. கம்பியில் கோடு அசையவேயில்லை. எனக்குத் தெரிந்த பாதி அதுதான்.

அப்பா திரும்பி வந்தார், மறுபடியும் குறைந்தது, இசக்கியை நிறுத்திவிட்டார். ஏலே இசக்கி, குழாயும் உன் கைக்கு எட்டுது, எண்ணெயும் குறையுது, நான் என்னலே நினைக்க என்றார். எஞ்சின் எண்ணெயைக் களவாண்டு நான் என்ன தோசையா சுடப் போறேன் அண்ணாச்சி என்று அவன் சிரித்தான், அப்பா சிரிக்கவில்லை என்றதும் அவன் முகம் மாறிவிட்டது. என்னைப் பார்த்து, நீங்க சொல்லுங்க அக்கா என்றான். நான் சொல்லவில்லை. சாவியைக் காரின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று சாயங்காலமே மீதிப் பாதியும் தெரிந்துவிட்டது. ஜெபத்துக்கு முன் அப்பாவைக் காணோம் என்று முற்றத்துக்குப் போனேன். சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்திருக்கிறார், கையில் தேங்காய்ச் சிரட்டை. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், குழாய் சரியா மூடியிருக்கான்னு பாக்கேன் என்கிறார். மூடியிருக்கிறதா என்று பார்க்க அவர் அதைத் திறக்கிறார்! முக்கால் சிரட்டை பிடித்து, நிறம் பார்த்து, மூடிவிட்டு, கரையான் வராமல் இருக்கட்டும் என்று வாசல் கட்டையில் ஊற்றுகிறார். குழாய் வந்த நாளிலிருந்து சாயங்காலம் தோறும் இதுதான் நடந்திருக்கிறது, முதுகுவலியும் இதில் வந்ததுதான். அதில் ஏதோ குறைகிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, அதை நீ நம்பவேண்டும்.

நேரே சொன்னால் வீடு இரண்டாகும். கதவுக் கீலுக்கு ஆகும், இங்கே தாருங்கள் என்று அன்றிலிருந்து சிரட்டையை வாங்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றினேன். அது நிறைந்த அன்று அளவுக் கம்பியை உருவிப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, இந்த வாரம் குறைந்ததெல்லாம் இதில்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், குழாய் கசியுது போல என்றார். மறுநாள் ஸ்டாண்டு ஆளிடம், குழாய்தான் கசிகிறது என்று இசக்கியை வரச் சொல்லி அனுப்பினார். குழாய் கசிஞ்சா குழாயக் கேக்கணும், என்னைய எதுக்குக் கேட்டாருன்னு போய்ச் சொல்லும் வே என்று பதில் வந்தது. அவன் இப்போது பக்கத்து ஊர் திருவேங்கடத்தில் யாருக்கோ டிராக்டர் ஓட்டுகிறானாம்.

அடுத்த கடிதத்தில் அப்பா உன் குழாய் மட்டம் என்று எழுதுவார். நீ மறுத்து எழுதாதே, இங்கே உன்னைவிட நான்தான் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவள். விசாவை மட்டும் நிறுத்தாதே. இசக்கிக்கு நீயே நேராக எழுது, நான் சொன்னதாகச் சொல்லாதே, அன்று கேட்டபோது சொல்லாதவள் இப்போது சொன்னாள் என்றால் அவனுக்கு அது இனிக்காது. நீ வேலை செய்யும் இடத்தில் கையில் வெட்டுப்பட்டது என்று எழுதியிருந்தாயே, அதைக் கழுவாமல் துணி சுற்றி வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை ஒருவேளையாவது சோறு பொங்கிச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

உன் நலனை என்றும் வேண்டும் சித்தி
வேதமணி

கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதுகிறேன். இன்று காலை அப்பா குழாயைக் கழற்றிப் பழைய போல்ட்டையே போட்டுவிட்டார். அதற்கு எண்ணெய் முழுவதையும் வடிக்க வேண்டியிருந்தது, உன் குழாய் வழியாகத்தான் வடித்தார், நான் டின்னைப் பிடித்துக்கொண்டேன். வடிந்து முடியும் வரை தரையில் ஒரு சொட்டு விழவில்லை. இசக்கிப்பாண்டி வரவில்லை.