ராக்காயி பூசின பசை

சிவகாசி
18.9.1965

அன்புள்ள மகன் ஜேசுதாசனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை இன்பம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் உன்னையும் அவர் சுகமாக வைத்திருக்க வேண்டும். அப்பாவுக்குச் சாத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிவிட்டது, சனிக்கிழமைதான் வருகிறார். மழை இன்னும் இறங்கவில்லை, பட்டாசுக் கம்பெனிகளில் தீபாவளி சீசன் ஓடுகிறது.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாயே, வயிற்றுக்குள் ஈரல் கிழிந்தால் நூல் போட்டுத் தைக்காமல் ஒரு பசையைத் தடவுகிறார்கள், ரத்தம் உடனே நின்றுவிடுகிறது என்று, அதைத் தெருவே கேட்கும்படி இன்பத்தை வாசிக்க வைத்தேன். இன்னும் நாய்களுக்குத்தான் செய்து பார்க்கிறோம் என்ற வரியை மட்டும் விட்டுவிடச் சொன்னேன், சீமைக்குப் போய் நாய் வைத்தியம் பார்க்கிறான் என்று யாரும் சிரிக்கக் கூடாது பார். தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற எதிர்வீட்டு ராக்காயி, "நாங்க இங்கன ஒட்டுற வேலையத்தான் தம்பி கடல் தாண்டிப் போயி படிக்காகளாக்கும்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள்.

போன செவ்வாய்க்கிழமை விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறை வெடித்து, தகரத் துண்டு ஒன்று அவள் புருஷன் இருளாண்டியின் வயிற்றைக் கிழித்துவிட்டது. லோடு லாரியில் போட்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியில் ராக்காயி கம்பெனியிலிருந்து பசைச் சட்டியோடு ஓடி வந்து ஏறிக்கொண்டாள். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுகிற மைதாப் பசை, உனக்குத் தெரியும். போகிற வழியெல்லாம் அதை அள்ளி அவன் வயிற்றுக்குள் பூசியிருக்கிறாள். தடுத்தவர்களிடம், "விடுங்க, டாக்டர் தம்பி எழுதியிருக்காக" என்றாளாம். தைத்திருந்தால் பிழைத்திருப்பான், உள்ளே முழுக்க விஷமாக்கிக் கொண்டு வந்திருக்கிறீர்களே என்று ஆஸ்பத்திரி டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாராம். துடித்துத் துடித்து வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தான்.

நேற்று அவள் நம் வாசலில் வந்து உட்கார்ந்தாள். நகக்கண்ணில் துத்தத்தின் நீலம் போகவில்லை. "அக்கா, நான் பூசுனதுல என்ன கொறன்னு தம்பிகிட்ட கேட்டு எழுதுங்க, எம்புட்டுப் பூசணும்னு தெரியாமக் கொஞ்சமாப் பூசிட்டேனோ" என்றாள். சீமைப் பசையும் உன் லேபிள் பசையும் ஒன்றா, உன் கைதானடி அவனைக் கொன்றது என்று சொல்லிவிட்டேன். அழவில்லை, கையைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனாள். வேறு என்ன சொல்ல, பழி நம் வாசலில் நிற்கக் கூடாது. அப்பாவுக்கு அந்த வரியைப் பற்றித் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அவளுக்குப் பதில் எழுது. பசை தப்பு என்று மட்டும் எழுது, நாய்ப் பேச்சே வரக் கூடாது. உன் கடிதத்தைத் தெருவில் வாசிக்காவிட்டால் சந்தேகப்படுவார்கள், ஆகையால் இனி நாலு பேர் முன்னால் வாசிக்கத் தகுந்ததை மட்டும் எழுது. கம்பளி இல்லாமல் வெளியே போகாதே, ஞாயிறு ஆராதனையை மறக்காதே. கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதித்து, தொட்டதெல்லாம் பிழைக்கச் செய்வாராக.

உன் பிரியமுள்ள அம்மா,
ஞானதீபம்

அண்ணா, இந்த முறை நான் ஒரு வரியும் விடவில்லை. – இன்பம்