சரிவுக்குக் கீழே நிற்க ஓர் ஆள்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நாங்கள் எல்லோரும் சௌக்கியம் என்றுதான் உன் அம்மா எப்போதும் ஆரம்பிப்பாள், நான் கடைசியில் கையெழுத்து மட்டும் போடுவேன். இப்போது அந்த ‘நாங்கள்’ எழுத வரவில்லை. நான் சௌக்கியம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால்தான் சொல்லத் தெரியாது. காலையில் டயர் கடையைத் திறக்கிறேன், பஞ்சர் ஒட்டுகிறேன், சாயங்காலம் மூடுகிறேன். உன் அம்மா போய் நாலு மாதம் ஆகிறது, எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உன் அண்ணி அதையே சொல்லிச் சொல்லிக் கவலைப்படுகிறாள். நான் என்ன செய்ய, வந்தால் அழ மாட்டேனா.

போனில் நீ சொன்னதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் ஊரிலும் பனி விழ ஆரம்பித்ததிலிருந்து குழந்தைகளை வெளியே விடவில்லை, போனும் கையுமாகக் கிடக்கிறார்கள், உனக்கும் வாசலைத் தாண்டப் பிடிக்கவில்லை, பனியில் விளையாடவென்று கட்டி வைத்திருக்கும் இடங்களில் டிக்கெட் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது என்றாய். “கையில காசே இல்லாம எங்கள எப்படிப்பா குளிர்காலம் பூரா வெளிய கூட்டிட்டுப் போனீங்க?” என்று கேட்டாய். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பனிச்சரிவில் உட்கார்ந்து சறுக்க, டயர் கடையில் பழைய லாரி டியூப் கேள், சும்மாவே கொடுப்பார்கள், நானே எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறேன். காற்றை முக்கால்தான் அடிக்க வேண்டும், முழுசாக அடித்தால் பிள்ளைகளைத் தூக்கி வீசிவிடும். வால்வின் மேல் துணி சுற்றிக் கட்டு, இல்லாவிட்டால் தொடையைக் கிழிக்கும். சாக்ஸுக்கு மேல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையை மாட்டி அப்புறம் ஷூ போட்டுவிடு, கால் நனையாது. கிளம்பும்போது உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து ஆளுக்கு இரண்டு சட்டைப்பையில் போடு, போகும்போது கைக்குச் சூடு, கொஞ்ச நேரம் கழித்து வயிற்றுக்கு. இதெல்லாம் உன் அம்மாவின் மூளை, நான் வெறும் டியூப் சுமந்த ஆள்.

சரிவுக்குக் கீழே அவள் நிற்பாளே, அது ஏன் என்று உனக்குத் தெரியாது, நீ அப்போது கைக்குழந்தை. தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து உன் அண்ணனை டியூபில் வைத்து நான் தள்ளிவிட்டேன், அவன் நேராகப் போய்க் கீழே நடைபாதையில் வந்த தபால்காரரை வாரிவிட்டான். அவர் ஒரு பக்கம், பை ஒரு பக்கம், தெருவில் உள்ள அத்தனை வீட்டுக் கடிதமும் பனியில். நல்லவேளை அடிபடவில்லை. அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் மஞ்சள் சால்வையால் துடைத்துக் கொடுத்தாள். அந்த மனிதர் ஒரு வருஷம் நம் வீட்டுக்கு மட்டும் முகம் கொடுக்காமல் கடிதம் கொடுத்தார். அன்றைக்கு அவள் போட்ட சட்டம்தான் அது. அவள் கீழே நின்று, பாதையில் ஆள் இல்லை என்று பார்த்து, சால்வையைத் தூக்கிக் காட்ட வேண்டும், காட்டாமல் நான் டியூபில் கட்டிய கயிற்றை விடக் கூடாது. முப்பது வருஷம் அப்படியே நடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணனுக்கு பஸ் டூட்டி, அண்ணிக்கும் வேலை, பிள்ளைகள் இரண்டையும் என்னிடம் விட்டுப் போனார்கள். வாலில்லாத குறைதான் இரண்டுக்கும். சறுக்கப் போகலாம் என்று என்னை அரித்து எடுத்துவிட்டார்கள். சரி என்று டியூபை எடுத்துக் காற்றடித்து மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டையும் உட்காரவைத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். பாதை காலி. நான் விடவில்லை. பக்கத்தில் மற்ற பிள்ளைகள் கத்திக்கொண்டு சறுக்குகிறார்கள், நான் ஆணி அடித்த மாதிரி நிற்கிறேன். பெரியவன் திரும்பிப் பார்த்து, “தாத்தா, யாருக்காக வெயிட் பண்றோம்?” என்று கேட்டான். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, சால்வை தூக்குவாள் என்று காத்திருக்கிறேன். இரண்டையும் இறக்கி, ஒரு தடவைகூடச் சறுக்கவிடாமல் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். சின்னவள் வழியெல்லாம் அழுதாள். எனக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது, குட்டிம்மா. குழந்தைகள் இனி என்னோடு எங்கேயும் வர மாட்டார்கள், இந்தக் குளிர்காலத்தோடு நம் வீட்டில் இதெல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

புதன்கிழமை உன் அண்ணனுக்கு லீவு. நானே போன் செய்து பிள்ளைகளை அழைத்து வரச் சொன்னேன். ஆணியில் தொங்கின அம்மாவின் மஞ்சள் சால்வையை எடுத்துக்கொண்டேன். நீ மேலே நில்லுடா, நான் கீழே போகிறேன் என்றேன். கீழே போய் நின்று, பாதையை இரண்டு பக்கமும் பார்த்து, சால்வையைத் தூக்கினேன். அவன் கயிற்றை விட்டான். இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு, கண்ணில் பனி அடிக்க, என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். முப்பது வருஷமாக மேலே நின்று தள்ளிவிட்டவன் நான், உங்கள் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். முகமெல்லாம் அவளிடம் போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து கையை வெந்நீரில் வைத்தேன், மரத்துப் போயிருந்த விரலெல்லாம் வலித்தது, ரொம்ப நேரம் வலித்தது.

அம்மாவைக் கடைசி நேரத்தில் வந்து பார்க்க முடியவில்லையே என்று உன்னை நீயே வாட்டிக்கொள்ளாதே, அவள் உன்னைத் தப்பாக நினைத்ததே இல்லை. குழந்தைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்காதே. சால்வையை அனுப்புவேன் என்று எதிர்பார்க்காதே, இங்கே ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டும், உன்னிடம் ஏதாவது சிவப்புத் துணி இருக்கும். நீங்கள் நாலு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நன்றாக இருங்கள். வால்வில் துணி சுற்ற மறக்காதே. மாப்பிள்ளை மேலே நிற்கட்டும், நீ கீழே நில். வரும்போது அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுது. உன் முகம் எப்படி இருந்தது என்று உன் அம்மாவிடம் நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
இந்தத் தடவை முழுக் கடிதத்தையும் தானே எழுதிய
உன் அப்பா