சலாமுக்குப் பதில் வரும் அறை

என்றும் என் அன்புக்குரிய மச்சிக்கு,

உங்கள் அறைக் கதவை இனி முக்கால்வாசி திறந்து வைப்பது என்று சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறோம். மூன்று குடும்பங்கள் கூடின. முறைப்படி மஷூராவை, இந்தக் கலந்தாலோசனையை, நடத்த ஓர் அமீரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு முறை டீ வந்தது. முழுக்கத் திறந்தால் கடல்காற்றில் கதவு அடித்துக்கொள்கிறது என்று ஒரு தரப்பு. மூடினால் பிள்ளைகள் அதன் முன்னால் போய் நிற்கிறார்கள் என்று மறு தரப்பு. பாதி என்றார் அமீர். பாதி திறந்த கதவு பார்ப்பவருக்கு மூடிய மாதிரிதான் தெரியும் என்று ஆட்சேபம் எழுந்தது. கடைசியில் முக்கால். முட்டுக்கு ஒரு செங்கல் என்ற துணைத் தீர்மானமும் நிறைவேறியது. இதைவிடக் குறைந்த யோசனையில் நாடுகள் போருக்குப் போயிருக்கின்றன.

மச்சி என்ற சொல்லை மற்றவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் டோல்கேட் பக்கம் அது டீக்கடைக் கூட்டாளியைக் கூப்பிடுவது. நம் வீட்டில் அண்ணன் மனைவி. நான் கீழே நின்று உங்களைக் கூப்பிட்டபோதெல்லாம் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் உங்களுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, மறுக்காதீர்கள்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. வகுப்பு நடக்கிறது. அதே ஹால், அதே பாய்கள், ஒன்பதரைக்கு. உங்கள் மகள் சுமையா, என் இரண்டு, என்னோடு பாடம் சொல்ல வரும் ரஷீதாவின் இரண்டு. பின்கட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் மகள் ஹாஜராவும் இப்போது சேர்ந்திருக்கிறாள், ஐந்து வயது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத வீடு என்ற பெயர் நமக்கு இன்னும் போகவில்லை. கீழ்வீட்டு ஃபிலோமினா ஆன்ட்டி காலையில் என்னைப் பார்த்ததும் கேட்கிறார், “இன்னாம்மா, இன்னிக்கும் இஸ்கோல் லீவா?” நாலு வருஷமாக இதே கேள்விக்கு ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்ட மாதிரி பதில் சொன்னது நீங்கள்தான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆனால் வாய்ப்பாடு தப்பாகக் கேட்டால் கீழிருந்து “ஏழெட்டு அம்பத்தாறுடா, பேஜாரு பண்ணாத” என்று அவர்தான் இன்னும் திருத்துகிறார். ரமலானில் நம் பிள்ளைகள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்த தூக்கு, கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு திரும்பி வந்தது. உங்கள் வீட்டுக்காரர், என் நானா, துறைமுகத்தில் கிரேன் ஏறக் கிளம்பியதும் சுமையா ஆன்ட்டி வீட்டில்தான் இருக்கிறாள், நான் வந்து சேரும் வரை. இதையெல்லாம் பாடத்திட்டம் என்று நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது யோசித்தால், இதுதான் பாடத்திட்டமாக இருந்திருக்கிறது.

மொட்டை மாடியில் குச்சி நட்டு, நிழல் நீளும் கணக்கில் அசர் தொழுகை நேரத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வைத்தீர்கள். எண்ணூர்ப் பக்கத்துப் புகையில் நிழலே விழாத நாட்களில் அது பொறுமைக்கான பாடமாக மாறியது. தண்ணி லாரி வராத நாளில் ஒரே குவளைத் தண்ணீரில் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யக் கற்றார்கள். எல்லாவற்றையும்விட நீங்கள் கண்டிப்பாக இருந்தது ஒரே விஷயத்தில்தான். வாசலில் சலாம். பதில் வந்த பிறகுதான் உள்ளே கால். பதில் வந்த பிறகுதான் பாடம். காலி வீட்டுக்குள் நுழைந்தாலும் சலாம் சொல்ல வேண்டும், வானத்து மலக்குகள் பதில் சொல்வார்கள் என்றும் சொல்லிக்கொடுத்தீர்கள். சரியான பாடம். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் ஒரே ஒரு சிக்கல்தான்: அவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

சுமையா நிற்பதை முதலில் கவனித்தது ரஷீதா. ஹாலுக்குள் வந்து, பையை வைத்துவிட்டு, நேராக உங்கள் அறை வாசலுக்குப் போகிறாள். உள்ளே யாரும் இல்லை. கட்டில், ஜன்னல், சுவரில் நீங்கள் மாட்டிய தொழுகை நேர அட்டவணை, அவ்வளவுதான். “அஸ்ஸலாமு அலைக்கும்” என்கிறாள். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு வந்து பாயில் உட்காருகிறாள். துக்கம், சரியாகிவிடும் என்றோம். பெரியவர்கள் எதையாவது கவனிக்க விரும்பாதபோது சொல்லும் வார்த்தை அது.

சரியாகவில்லை. ஒரு மாதத்தில் எல்லாப் பிள்ளைகளும் போய் நிற்க ஆரம்பித்தார்கள். ஒன்றாகச் சலாம், ஒன்றாக மௌனம், ஒன்றாகத் தலையாட்டல். நான் ஒரு நாள் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். அதே அளவுதான். ‘வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு’ என்று முழுசாக, உங்களைப் போல ஒவ்வொரு எழுத்துக்கும் மரியாதை கொடுத்து இழுத்துச் சொன்னால் எவ்வளவு ஆகுமோ அவ்வளவு. அந்த நேரத்தில் வெளியே கன்டெய்னர் லாரி ஹாரன் கேட்டதாகவும் எனக்கு நினைவில்லை. நம் தெருவில் அது நடக்கக்கூடிய காரியமா, மச்சி?

பழக்கம் என்று அதையும் தள்ளிவிட்டிருப்பேன். ஆனால் ஹாஜரா இருக்கிறாளே, அவள் உங்களைப் பார்த்ததே இல்லை. நீங்கள் கபரில் அடங்கி நாலு மாதம் கழித்துத்தான் அவர்கள் குடிவந்தார்கள். உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. அவளும் மற்றவர்களோடு சரியாக அதே கணத்தில் தலையாட்டினாள். மற்ற பிள்ளைகளைப் பார்த்துச் செய்கிறாளோ என்று ஒரு நாள் அவளை மட்டும் தனியாக அழைத்துப்போய் நிறுத்தினேன். சலாம் சொன்னாள். நின்றாள். அதே அளவில் தலையாட்டினாள்.

“இப்ப எதுக்குடீ தலையாட்டுன?” என்று கேட்டேன்.

“அப்பதான சொல்லி முடிச்சாங்க” என்றாள். நான் காது கேளாதவள் என்று நினைத்த மாதிரி ஒரு பார்வை வேறு.

அன்று ரஷீதா தன் பிள்ளைகளைச் சீக்கிரமே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நானா போய்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்தார். காலி அறைக்குச் சலாம் சொல்லலாம், ஆதாரம் இருக்கிறது. பதிலுக்குக் காத்திருப்பதற்குத் தான் படித்த எந்தக் கிதாபிலும் ஆதாரம் இல்லை. பதில் வந்தால் தன்னிடம் வர வேண்டாம், டாக்டரிடம் போகவும் என்றாராம். இவ்வளவு தெளிவான ஃபத்வா வட சென்னையில் சமீபத்தில் வந்ததில்லை.

கதவு பற்றிய மஷூரா இப்படித்தான் கூடியது. எல்லாம் முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடும்போது, அதுவரை வாய் திறக்காத நானா பேசினார். அந்த அறைக்குள் அவர் இன்னும் போவதில்லை. ஹாலில் பாய் விரித்துத்தான் படுக்கிறார். “இந்த மாசம் பாப்பேன். புள்ள அங்க நிக்கிறத வுடலைன்னா ஹாஸ்டல் மத்ரஸால சேத்துருவேன். இங்க வச்சிக்கினு அவளையும் என்னால இழக்க முடியாது” என்றார். அது எந்த ஊர் என்று கேட்டேன். மூன்று மாவட்டம் தள்ளி. மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்கலாமாம்.

உம்மாவும் இல்லாமல், வாப்பாவும் இல்லாமல், ஏழு வயதில். பள்ளிக்கூடத்துக்கே அனுப்ப மனமில்லாமல் நீங்கள் வீட்டில் வைத்து வளர்த்த பிள்ளை.

மறுநாள் சுமையாவை மாடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். மிரட்டவில்லை. ஏன் அங்கே போய்ச் சலாம் சொல்கிறாய், ஹாலில்தான் நாங்கள் மூன்று பெரியவர்கள் இருக்கிறோமே என்றேன்.

“ஹால்ல யாரும் பதில் சொல்றதில்ல மாமி.”

சொல்கிறோமே என்றேன்.

“இல்ல மாமி. நான் தெனமும் சொல்லிட்டுத்தான் வரேன். நீங்க போன் பாப்பீங்க. ரஷீதா மாமி புக் அடுக்குவாங்க. வாப்பா நைட் ஷிப்ட் முடிச்சி வந்தா தூங்குவாங்க. பதில் வந்தாத்தான பாடம். அதான் பதில் வர்ற எடத்துக்குப் போறேன்.”

மச்சி, நான் படித்தவள் என்று நானே சொல்லிக்கொள்வேன். சலாமுக்குப் பதில் சொல்வது ஃபர்ளு கிஃபாயா, கூட்டத்தில் ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் மேலிருந்து கடமை இறங்கிவிடும். இந்தச் சட்டம் தெரியாத வீடு வேறு. நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால் ரஷீதா சொல்லியிருப்பாள் என்று நான் இருந்திருக்கிறேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவள் இருந்திருக்கிறாள். எட்டு மாதம். மார்க்கம் தெரிந்த மூன்று பேர் உட்கார்ந்திருந்த ஹாலில் ஒரு பிள்ளையின் சலாம் தினமும் தரையில் விழுந்து கிடந்திருக்கிறது. நீங்கள் இருந்தவரை எங்களுக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை. எப்போதும் நீங்கள்தானே முதலில் பதில் சொல்வீர்கள்.

திங்கட்கிழமை வழக்கத்தைவிட முன்னாலேயே வந்து உங்கள் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். கட்டிலில் உட்கார மனம் வரவில்லை, தரையில்தான். உயிருள்ள ஒரு வாயிலிருந்து பதில் வந்தால் பிள்ளை தெளிந்துவிடும் என்பது என் கணக்கு. ஜன்னல் கண்ணாடி லாரிக்கு லாரி அதிர்ந்துகொண்டிருந்தது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. ஒன்பதரை ஆகும்போது அதிர்வு நின்றது. அதை நான் கற்பனை செய்யவில்லை. கண்ணாடி மேல் விரலை வைத்துப் பார்த்தேன்.

வாசலில் சுமையா. என்னைப் பார்த்தாள். ஆனாலும் அறை முழுவதற்குமாகச் சலாம் சொன்னாள். நான் சொன்னேன், முழுசாக, அவசரமாக. என்னவோ முந்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அவள் நின்றாள். தலை சாயவில்லை. என்னையே பார்த்தாள்.

“முன்னாடியே சொல்லிட்டீங்க மாமி. உம்மா சொல்றதுக்குள்ள.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு நீங்கள் கற்றுக்கொடுத்த சட்டத்தை எனக்கே திருப்பிச் சொன்னாள், ஓதல் பாடம் ஒப்பிக்கிற அதே குரலில்:

“ஒருத்தர் சொன்னா போதும்ல? மத்தவங்க சொல்ல வேணாம்ல?”

ஆமாம் என்றேன்.

“அப்ப உம்மா இனிமே வர வேணாம்” என்றாள். போய்ப் பாயில் உட்கார்ந்து பையைத் திறந்தாள்.

அழவில்லை, மச்சி. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். செவ்வாயும் புதனும் நான் உங்கள் அறையில் உட்கார்ந்து பதில் சொன்னேன். பிள்ளைகள் தலையைச் சாய்க்காமல், காத்திருக்காமல், நேராகப் போய்ப் பாயில் உட்கார்ந்தார்கள். புதன்கிழமை வேலை முடிந்து வந்த நானாவிடம் சொன்னேன். அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஹாஸ்டல் விண்ணப்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தார், கிழித்துவிடச் சொல்லி. அவரே கிழிக்க முடியாதாம். கிழித்துவிட்டேன். ரஷீதாவும் தன் பிள்ளைகளைத் தொடர்ந்து அனுப்புகிறாள், “இன்னாவோ போக்கா, என் புள்ளைங்களுக்கு வேற தோஸ்துங்க ஏது” என்று.

நான் செய்தது சரிதானா? ஒரு பிள்ளையை இந்த உலகத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தேனா, இல்லை ஒரு தாயை வாசலோடு திருப்பி அனுப்பினேனா? வகுப்பில் அவள் இப்போது கொஞ்சம் மெதுவாக ஓதுகிறாள். உங்களைப் போல இழுத்து. அது எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். நம் வழக்கப்படி கடிதம் சலாமில் தொடங்க வேண்டும். நான் தொடங்கவில்லை. சொன்னால் பதில் சொல்வது உங்கள் மேல் கடமையாகிவிடும். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று எழுதப் பார்த்தேன், அது முழு உண்மை இல்லை. எனக்குப் பயம்.

அதனால் வாக்கு ஒன்று தருகிறேன். இனி அந்த வீட்டு வாசலில் எந்தப் பிள்ளை சலாம் சொன்னாலும் பதில் சொல்ல நான் இருப்பேன். போனைக் கீழே வைத்துவிட்டு, முழுசாகச் சொல்வேன். அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று ஒரு நாளும் விடமாட்டேன். சுமையாவின் நிக்காஹ் வரை, அதற்குப் பிறகும். நீங்கள் ஓய்வாக இருங்கள்.

இதில் இதுவரை ஒரு நாள் தவறியிருக்கிறது. வியாழக்கிழமை எனக்குக் கடும் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. நானா வேலைக்குப் போய்விட்டார். என் பிள்ளைகள் தாங்களாகவே போனார்கள். ரஷீதா லாரி நெரிசலில் மாட்டிப் பதினொரு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். பெரியவர் யாருமில்லாத ஹாலில் பாடம் ஒன்பதரைக்கே ஆரம்பமாகியிருந்தது.

இப்படிக்கு,
உங்கள் கணவரின் தங்கை, உங்கள் மகளின் மாமி,
மும்தாஜ்