பின்னறைக்கு மட்டும் வெள்ளையடித்த வீடு

அன்புள்ள அப்பாவுக்கு, மஸ்கட்டிலிருந்து கதிரவன் வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? எனக்குக் கால் லேசாகப் பிசகி ஓய்வில் இருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

போனில் பேசினால் வீட்டுத் தரகர் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறார். அதனால்தான் ஊருக்கு வரும் என் அறை நண்பன் பிரபாகரனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நாம் வாங்கப்போகும் நாரணாபுரத்து வீட்டை நீங்கள் எடுத்தனுப்பிய வீடியோவைப் படுத்தபடி திரும்பத் திரும்பப் பார்த்தேன். வீடெல்லாம் பழைய சுண்ணாம்பு, பின்னறைக்கு மட்டும் ஏன் புது வெள்ளை? கதவிடுக்கில் வேறு வெள்ளியாக மின்னுகிறது. பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பவுடர் என்றே நினைக்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் அங்கே வெடி செய்திருப்பார்களோ?

"வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சு, சுத்தமா இருக்கு. இன்னும் என்னத்துக்கு யோசிக்கீக?" என்கிறார் தரகர். விற்றது, அடமானம் வைத்தது எல்லாம்தான் அதில் வரும். போலீஸ் வழக்கு வராது. ஸ்டேஷனில் விசாரிக்காமல், வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டாமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். பட்டாசுக் கம்பெனி மருந்தறையிலேயே காலம் தள்ளிய உங்களுக்கா அந்த மினுமினுப்பு தெரியாமல் போனது? வீடு வாங்கிவிட்டால் மகன் ஊரோடு வந்துவிடுவான் என்று, தெரிந்தும் பேசாமல் இருக்கிறீர்களா?

அடுத்த வீடியோவில் சுவரை விட்டுவிட்டு உங்கள் முகத்தைக் காட்டுங்கள். பிரபாகரன் பெட்டியோடு வாசலில் நிற்கிறான், முடிக்கிறேன். வாடகை வீடானாலும் நான் வருவேன் அப்பா.

கதிரவன்