புது நம்பர் பதினேழு

3 மார்ச் 1954, சித்தூர்

நகரியிலிருந்து மருத்துவச்சியாக மாற்றலாகி வந்து பத்து நாள். இன்று பாப்பாத்தியைப் பார்க்கப் போனேன். எட்டு மாதம் முடிந்திருக்கிறது. முதல் இரண்டு குழந்தைகளும் பிறந்த அன்றே போய்விட்டன. வீட்டைக் கண்டுபிடிக்கவே ஒன்றரை மணி நேரம். நாலாம் நம்பருக்குப் பக்கத்தில் பதினேழு. இரண்டு சந்து தள்ளி இன்னொரு பதினேழு. "அது பழைய நெம்பர்மா, இது கொத்த நெம்பர்" என்கிறார்கள். பாப்பாத்தி வீடு கொத்த, அதாவது புது, நம்பர் பதினேழு. தெருப் பலகையெல்லாம் புதிதாகத் தெலுங்கில். எனக்குத் தெலுங்கு பேசத்தான் வரும்.

11 மார்ச்

பாப்பாத்தியின் வீட்டுக்காரர் தணிகாசலம் ரேணிகுண்டாவில் கூட்ஸ் வண்டிக்கு மூட்டை ஏற்றுகிறார். "நோவு எடுத்தா நானே வந்து இட்டுகினு போறேம்மா" என்றார். அன்றைக்கு நீங்கள் ரேணிகுண்டாவில் இருந்தால்? வழியை நானே பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

12 மார்ச்

வழி பழக மூன்று முறை நடந்தேன். மூன்று முறையும் அதே சைக்கிள் கடைக்கே வந்து சேர்ந்தேன். கடைக்கார நாகபூஷணம், "இன்னாம்மா, சுத்திகினே கீறீங்க? நேரா போயி திரும்புங்கோ" என்றார். எந்தப் பக்கம்? இரண்டு கையையும் காட்டுகிறார். சிரிப்பு வந்தது.

14 மார்ச்

நாலாவது முறை சரியாகப் போய்விட்டேன்!

19 மார்ச்

தூக்கம் வரவில்லை. எழுந்து விளக்கை ஏற்றி எழுதுகிறேன்.

மதியம் ஒரு ஜட்காக்காரர் வாசலில் நிறுத்தி, "பாப்பாத்திக்குப் பனிக்குடம் ஒடஞ்சிடுச்சாம்" என்று சொல்லிவிட்டுச் சவாரியோடு போய்விட்டார். ஓடினேன். பழகிய சந்தின் வாயை அடைத்துக் கல்யாணப் பந்தல். வேறு சந்து — முடிவில் சுவர். அடுத்ததிலும் சுவர். இதுவும் போயிடுமா? என்னாலயா? வெட்கத்தை விட்டு நடுத்தெருவில் நின்று, "பாப்பாத்தி!" என்று கத்தினேன்.

ஒரு ஜன்னல் திறந்தது. "எந்தப் பாப்பாத்தி? தணிகாசலம் பொண்டாட்டியா? உள்ள வாம்மா!" பெயர் கங்கம்மாளாம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறை வழியாகப் புழக்கடைக்குப் போனாள். அங்கிருந்து அடுத்த வீடு. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் இலையைத் தாண்டினேன், மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. மூன்றாவது புழக்கடைக் கதவைத் திறந்தால் பாப்பாத்தியின் முனகல்.

கழுத்தில் கொடி சுற்றி, நீலமாக வந்தது குழந்தை. கொடியை விடுவித்து, வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்தேன், தேய்த்தேன். சத்தமே இல்லை. அழு கண்ணு, அழுடீ —

அழுதாள்.

27 மார்ச்

பாப்பாத்தியின் பெண் நன்றாகப் பால் குடிக்கிறாள்.

2 ஏப்ரல்

செங்கம்மா என்று ஒரு கர்ப்பிணி பெயர் பதிய வந்தாள். "வூட்டு நெம்பரை எங்க வூட்டுக்காரரைத்தான் கேக்கணும்" என்றாள்.

"அது கெடக்கட்டும். ஒம் புழக்கடைக்கு அந்தாண்ட யார் வூடு?" என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.