வாளிக்குப் போன பை

கர்க்கடகம் 14, புதன்.

சாலைக்கடை அரிசி வியாபாரி இன்று மாலை மனைவியை மறுபடி கூட்டி வந்தார். கண்ணெல்லாம் மஞ்சள், வயிற்றில் கட்டி. ஆறு மாதம் முன்பு அவளுடைய பித்தப்பையை எடுத்தவன் நான்தான். அதிலிருந்த கல்லைக் கழுவிக் குப்பியில் போட்டு வழக்கம்போல் வீட்டாரிடம் கொடுத்தேன். பை பார்வைக்குச் சாதாரணமாக இருந்தது. லேபரட்டரிப் பரிசோதனைக்கு அனுப்பாமல் கழிவு வாளியில் போட்டுவிட்டேன்.

அவர் குப்பியை மேஜைமேல் வைத்தார். "கல்லு பத்திரமா இருக்கு டாக்டரே. அந்தப் பையில என்ன இருந்துது?"

அதில் புற்று இருந்திருக்கும் என்று சொல்லாமல், ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தேன்.

எல்லாப் பையையும் அனுப்பினால் லேபரட்டரியில் இருக்கும் ஒரே ஆள் எப்படிப் பார்ப்பார்? இதைத்தான் இத்தனை நாளும் சொல்லிவந்தேன்.

இன்று காலையில் இன்னொருத்திக்கும் பித்தப்பை எடுத்தேன். கல்லை மட்டும் கழுவிக் கொடுத்தேன்; பை வாளிக்குப் போனது.